பத்துப் பேரும் நூற்றைம்பது பேரும்: ஒரு மேலாளரின் பிழைக் கணக்கு

தமிழ் கற்பிக்கும் நாம் மென்பொருள் துறையின் மேலாண்மையைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். அதற்கொரு காரணம் உண்டு. நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது மென்பொருள் நிறுவனமொன்றில் ஒரு குழுவை நடத்துகிறார். சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். முகத்தில் பழைய உற்சாகம் இல்லை. "ஐயா, ஒன்பது பேர் செய்துகொண்டிருந்த வேலை பிந்திவிட்டது என்று மேலும் ஆறு பேரைக் கொடுத்தார்கள். இப்போது பதினைந்து பேர் இருக்கிறோம். வேலை முன்னைவிட மெதுவாக நடக்கிறது. தப்பு என்னிடமா, பிள்ளைகளிடமா என்று தெரியவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "நல்ல மேலாளர் என்றால் யார் ஐயா?" என்று கேட்டார்.

திருக்குறளில் 'தெரிந்துவினையாடல்' என்றோர் அதிகாரமே இருக்கிறது, எடுத்துப் படியுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். தமிழாசிரியர் வேறென்ன சொல்வார்? ஆனால் அவர் சென்றபின் நம் விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வதிகாரம் தகுதியறிந்து ஒருவரிடம் வினையை ஒப்படைப்பதைப் பேசுகிறது. மாணவர் கேட்டதோ ஒப்படைத்தபின் நேர்வதை. இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, ஏறத்தாழ இதே கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவரிடம் கேட்கப்பட்டதையும், விடையெழுத அவருக்குப் பத்தாண்டுகள் ஆனதையும் அறிந்தோம். அவ்வரலாற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அவர் பெயர் ஃபிரெடரிக் புரூக்ஸ். 1931இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கனிடம் ஆய்வு செய்து 1956இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் ஒரே நிறுவனம் விற்ற கணினிகளுக்குள்ளேயே ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. சிறிய கணினி வாங்கியவர் தொழில் பெருகிப் பெரிய கணினிக்கு மாறினால், அதுவரை எழுதிவைத்த நிரல்களையெல்லாம் மீண்டும் எழுதியாக வேண்டும். வாங்குபவருக்கும் தொல்லை, விற்பவருக்கும் தொல்லை.

இந்நிலையை மாற்றுவது எப்படி என்பதில் ஐபிஎம்முக்குள்ளேயே பூசல் எழுந்தது. புரூக்ஸ் 8000 வரிசை என்ற புதிய கணினிகளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். பாப் எவன்ஸ் என்ற மேலதிகாரி அதனை நிறுத்தச் சொன்னார். சிறியது முதல் பெரியது வரை எல்லாக் கணினிகளும் ஒரே கட்டளைத் தொகுதியைப் புரிந்துகொள்ளும் ஒரு குடும்பமாக அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. ஏறக்குறைய ஆறு மாதம் இருவரும் விடாது மோதினர். 1961இல் எவன்ஸ் வென்றார். 8000 வரிசை கைவிடப்பட்டது. அதன்பின் எவன்ஸ் செய்த காரியம் புரூக்ஸைத் திகைக்கவைத்தது. புதிய கணினிக் குடும்பத்தை உருவாக்கும் பொறுப்பைத் தம்மோடு மோதித் தோற்றவரிடமே ஒப்படைத்தார்! தமக்கு எதிராக நன்கு வாதிட்டவரே தம் திட்டத்தின் இடர்களையும் நன்கு அறிந்திருப்பார் என்பது எவன்ஸின் கணக்காக இருந்திருக்க வேண்டும். நல்ல மேலாளரின் இலக்கணங்களில் ஒன்றைப் புரூக்ஸ் இவ்வாறு தாமே பெற்று அறிந்தார்.

அக்குடும்பம்தான் சிஸ்டம்-360. வட்டத்தின் 360 பாகைகளையும் நினைவூட்டும் பெயர். எல்லாப் பயன்பாடுகளுக்கும் உரியது என்பது பொருள். 1964 ஏப்ரல் 7 அன்று ஆறு மாதிரிகளுடன் அது அறிவிக்கப்பட்டது. இம்முயற்சியை 'ஃபார்ச்சூன்' இதழ் 1966இல் 500 கோடி டாலர் சூதாட்டம் என்றே வருணித்தது.

இதன் வடிவமைப்பில் எழுந்த ஒரு சச்சரவு நம் போன்றோருக்கு நெருக்கமானது. ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் ஒதுக்குவது என்பதே அது. அன்றைய வழக்கம் ஆறு பிட். அதில் 64 குறிகளே அடங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் இடம்பெற்றால் சிற்றெழுத்துகளுக்கு இடமில்லை. ஆறே போதும், சிக்கனம் என்றனர் ஒரு சாரார். எட்டு வேண்டும் என்றனர் மறுசாரார். இரு பக்கத்தையும் கேட்டு எட்டு என முடிவு செய்தார் புரூக்ஸ். தம் வாழ்நாளில் தாம் எடுத்த முடிவுகளில் இதுவே முதன்மையானது எனப் பிற்காலத்தில் அவர் கருதினார். எட்டு பிட்டில் 256 இடங்கள். கீழ்ப்பாதி 128 இடங்களில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மேற்பாதியில் தமிழை அமர்த்தியதே 1990களின் பிற்பகுதியில் வந்த திஸ்கி குறியேற்றம். இணையத்தில் தொடக்க காலத் தமிழை வாசித்தவர்களுக்கு அது மறந்திருக்காது. யாரோ ஒரு மேலாளர் எங்கோ ஒரு பூசலைத் தீர்த்துவைத்ததன் நன்மை, அவர் எண்ணியும் பாராத மொழியொன்றுக்கு வந்து சேர்ந்தது.

வன்பொருளில் வென்ற புரூக்ஸை அதன்பின் மென்பொருள் சோதித்தது. கணினிக் குடும்பம் முழுமைக்கும் பொதுவான இயங்குதளம் ஒன்று தேவைப்பட்டது. ஓஎஸ்/360 என்பது அதன் பெயர். 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அதனை நடத்தும் பொறுப்பைப் புரூக்ஸ் ஏற்றார். வேலை உச்சத்தில் இருந்தபோது நிரலாளர், ஆவணம் எழுதுவோர், எழுத்தர், மேலாளர் என ஆயிரம் பேருக்கு மேல் அதில் உழைத்தனர். 1963 முதல் 1966 வரை செலவான மனித உழைப்பு ஏறத்தாழ 5000 ஆள்-ஆண்டுகள். அத்தனை உழைத்தும் அது காலந்தாழ்ந்தே வந்தது. திட்டமிட்டதைவிட அதிக நினைவகத்தை விழுங்கியது. செலவு மதிப்பீட்டைப்போல் பன்மடங்கானது. முதல் வெளியீட்டுக்குப்பின் மேலும் சில வெளியீடுகள் வரும்வரை அது செவ்வனே இயங்கவுமில்லை. இவற்றையெல்லாம் பகைவர் எவரும் எழுதவில்லை. புரூக்ஸே தம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அந்நூலில் நம்மை நிறுத்தி யோசிக்கவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இக்கட்டுரை எழுந்ததே அதன் பொருட்டுத்தான். கட்டுதற்கு முன் இயங்குதளம் வெளியே எவ்வாறு தோன்ற வேண்டும், பயன்படுத்துவோருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். அவ்வரைவை யார் எழுதுவது என்று புரூக்ஸும் அவருக்குக் கீழிருந்த மேலாளர் இருவரும் கூடிப் பேசினர். ஒருவர் கட்டமைப்புக் குழுவின் மேலாளர். அவரிடம் தேர்ந்த பத்துப் பேர் இருந்தனர். தம்மவர் அதனை முறையாக எழுதுவர், ஆனால் பத்து மாதம் ஆகும் என்றார். கால அட்டவணை தந்ததைவிட இது மூன்று மாதம் கூடுதல்.

மற்றவர் கட்டுப்பாட்டு நிரலை எழுதும் குழுவின் மேலாளர். அவரிடம் 150 பேர் இருந்தனர். தம்மவரிடம் கொடுத்தால் கட்டமைப்புக் குழுவின் ஒருங்கிணைப்போடு குறித்த காலத்துக்குள் நன்றாகவே முடித்துத் தருவர் என்றார். அன்றியும், அந்தப் பத்துப் பேரிடம் ஒப்படைத்தால் தம் 150 பேரும் பத்து மாதம் கையைப் பிசைந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றார். அதற்குக் கட்டமைப்பு மேலாளர் மறுமொழி கூறினார்: அவர்களிடம் கொடுத்தாலும் காலத்தில் முடியாது, அதே மூன்று மாதம் பிந்தும், தரமும் மிகக் குறைந்திருக்கும்.

புரூக்ஸ் 150 பேரிடமே கொடுத்தார்.

கட்டமைப்பு மேலாளர் சொன்ன இரண்டும் அப்படியே பலித்தன என்று அவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். சிலரின் உள்ளத்தில் ஒன்றாக உருவாக வேண்டிய கருத்து பலர் கையில் சிதறியது. அந்த ஒருமை இன்மையால் கட்டுவதற்கும் திருத்துவதற்கும் ஆன செலவு மிகப் பெருகியது. பிழை களையும் பணியில் மட்டும் அது ஓராண்டைக் கூட்டியது என்பது அவர் மதிப்பீடு.

புரூக்ஸ் ஏன் தவறினார்? அறியாமையால் அல்லர், எதிர்வாதத்தை அவர் தம் காதாலேயே கேட்டார். 150 பேர் சும்மா இருப்பார்கள் என்ற அச்சமே அவரைச் சாய்த்திருக்க வேண்டும் என நாம் எண்ணுகிறோம். வேலையைக் கைகளால் அளந்து பழகியவர்கள் நாம். களத்துமேட்டில் நிற்கும் கண்காணிக்கு ஆட்கள் குனிந்திருந்தால் போதும், மனம் அமைதியாகிவிடும். சிந்திப்பவரும் சோம்பியிருப்பவரும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவர் என்பதே மென்பொருள் வேலையின் தொல்லை. பத்துப் பேர் சிந்தித்து முடிக்கும்வரை பிறரைக் காத்திருக்கச் செய்வதற்கும், அதனைத் தம் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்வதற்கும் பெருந்துணிவு தேவை. 500 கோடி டாலர் முயற்சியின் நடுவில் நின்ற 33 வயது மனிதரிடம் அன்று அத்துணிவு இல்லாமற்போனது.

இதே வேரிலிருந்து வேறு இடர்களும் கிளைத்தன. ஒவ்வொரு குழுவும் எழுதும் நிரல் இவ்வளவு நினைவகத்துக்குள் அடங்க வேண்டும் என எல்லை வகுக்கப்பட்டது. எல்லைக்குள் அடங்க, குழுக்கள் தம் நிரலைத் துண்டு துண்டாக்கி வட்டில் வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்துவரச் செய்தன. ஒவ்வொருவரும் தம் இலக்கை எட்டினர். முழு அமைப்பையும் பாவனையாக ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஃபோர்ட்ரான் மொழிமாற்றி நிமிடத்துக்கு ஐந்தே கூற்றுகளை மாற்றும் என்று கணக்கு வந்தது! நினைவகத்துக்கு எல்லை வகுத்த மேலிடம், வட்டை எத்தனை முறை அணுகலாம் என்பதற்கு எல்லை வகுக்கவில்லை. மேலாளர் எதை அளக்கிறாரோ அதனையே ஆட்கள் தருவர். அளக்க மறந்தது வேறோர் இடத்தில் வெடிக்கும்.

முன்னரே ஒப்புக்கொண்டிருந்தபடி 1965இல் புரூக்ஸ் ஐபிஎம்மை விட்டு வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்குக் கணினி அறிவியல் துறையை 1964இல் நிறுவியவரும் அவரே. விடைபெறும்போது ஐபிஎம்மின் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர் அவரிடம் கேட்டார்: வன்பொருள் வேலையைவிட மென்பொருள் வேலையை நடத்துவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? புரூக்ஸிடம் அப்போது விடை இல்லை. பத்தாண்டு யோசித்து 1975இல் விடை எழுதினார். 'தி மித்திகல் மேன்-மந்த்' என்பது அந்நூலின் பெயர். 'ஆள்-மாதம் என்னும் மாயை' எனத் தமிழில் சொல்லலாம்.

பத்து ஆள் ஒரு மாதம் செய்வதும் ஓர் ஆள் பத்து மாதம் செய்வதும் சமம் என்பது பலரும் நம்பும் கணக்கு. அறுவடைக்கு அது பொருந்தும். ஏனெனில் கதிரறுப்பவர் ஒருவர் மற்றவரோடு பேசித் தெளிய வேண்டியது அதிகமில்லை. நிரல் அப்படியன்று. ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு பொருந்த வேண்டும். எனவே ஒவ்வொருவரும் ஏனைய ஒவ்வொருவரோடும் பேச நேர்கிறது. நம் மாணவரின் குழுவையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேர் இருந்தபோது இருவர் இருவராகப் பேசும் தொடர்புகள் 36. பதினைந்து பேரானபோது 105. ஆள் இரு மடங்குகூட ஆகவில்லை; பேச்சு மூன்று மடங்காகிவிட்டது. புதிதாக வந்த ஆறு பேருக்கும் பழையவர்களே கற்பிக்க வேண்டும்; கற்பிக்கும் நேரமெல்லாம் அவர்கள் வேலை நிற்கும். பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்ற புரூக்ஸ் விதி இங்ஙனம் பிறந்தது. மிக எளிமைப்படுத்திச் சொல்கிறேன் என்ற எச்சரிக்கையோடுதான் அவரும் அதனைச் சொன்னார். காலத்தைப் பகுப்பதற்கும் அவர் ஒரு கணக்குத் தந்தார்: மூன்றில் ஒரு பங்கு திட்டமிடுதலுக்கு, ஆறில் ஒரு பங்கு நிரல் எழுத, எஞ்சிய பாதி முழுவதும் சோதிப்பதற்கு. எழுதுவதற்குக் கிடைப்பது எவ்வளவு சிறிய பங்கு என்பதைக் காண்க.

விதியைவிட நாம் பெரிதாக மதிப்பது அந்நூலில் தீச்செய்தி பற்றி அவர் கூறுவது. பெருந்திட்டங்கள் பேரிடியால் வீழ்வதில்லை. நாளுக்கு நாள் சிறிது சிறிதாகப் பிந்தியே ஓராண்டு பிந்துகின்றன. அச்சிறு பிந்துதல் முதலில் தெரிவது கீழ்நிலை மேலாளருக்கு. அவர் அதனை மேலே சொல்வாரா? சொன்னதும் மேலதிகாரி பாய்ந்து வந்து தம் வேலையைத் தாமே செய்யத் தொடங்குவார் என்றால் சொல்லமாட்டார். நிலை அறிக்கையின் முதல் பத்தியைப் படித்து முடிக்குமுன்பே தொலைபேசியை எடுத்துக் கட்டளையிடும் அதிகாரி ஒருவரைப் புரூக்ஸ் அறிந்திருந்தாராம். அத்தகையவருக்கு உண்மை வந்து சேராது. ஆகவே, கீழுள்ளவர் தாமே தீர்க்கக்கூடிய இடரில் மேலதிகாரி தலையிடலாகாது. நிலையறியக் கூடிய கூட்டத்தில் கட்டளையிடவும் கூடாது. நல்ல மேலாளரை அவர் அறைக்குள் தீச்செய்தி அஞ்சாமல் நுழைகிறதா என்பதைக்கொண்டே அறியலாம் என்று இதனை நாம் சுருக்கிக்கொள்கிறோம்.

தீச்செய்தியைக் கேட்பதிலும் கடினமானது தம் பிழையைத் தாமே சொல்வது. ஓஎஸ்/360 உருவானபோது நிரலாளர் ஒவ்வொருவரும் திட்டத்தின் எல்லா ஆவணங்களையும் பார்க்க வேண்டும் என்பது புரூக்ஸின் கொள்கை. ஆறு மாதத்துக்குள் அந்த ஆவணத் தொகுதி ஐந்தடித் தடிமனாக வளர்ந்துவிட்டது! டேவிட் பார்னஸ் என்ற அறிஞர் 1972இல் இதற்கு நேர்மாறான கருத்தை வெளியிட்டார்: ஒவ்வொரு பகுதியும் தன் உள்விவரங்களைப் பிறருக்கு மறைத்து, வெளித்தொடர்பை மட்டும் காட்ட வேண்டும். 1975இல் புரூக்ஸ் இதனை ஏற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து 1995இல் வந்த பதிப்பில், பார்னஸ் சொன்னதே சரி, தாம் சொன்னது தவறு என வெளிப்படையாக எழுதினார். முதலில் கட்டுவதைத் தூக்கியெறியத் திட்டமிடுங்கள் என்ற தம் புகழ்பெற்ற அறிவுரையையும் அப்பதிப்பிலேயே திருத்திக்கொண்டார். 2010இல் வெளியிட்ட 'தி டிசைன் ஆஃப் டிசைன்' நூலிலோ, ஓஎஸ்/360 உடன் பிறந்த ஜேசிஎல் என்ற கட்டளை மொழியை, தம் மேலாண்மையில் பிறந்தது என்பதை மறைக்காமலே கடுமையாகச் சாடினார். முப்பது வயதில் செய்த பிழையை எண்பது வயதை நெருங்கும்போதும் மறக்காமல் கணக்கெழுதியவர் அவர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1999இல் டூரிங் விருது பெற்று, 2022 நவம்பரில் மறைந்த புரூக்ஸின் பெயர் நிலைத்துவிட்டது. பத்துப் பேர் போதும் என்று வாதிட்டுத் தோற்ற அந்தக் கட்டமைப்பு மேலாளரின் பெயர் அந்நிகழ்ச்சியைச் சொல்லுமிடத்தில் இல்லை. ஓராண்டுக் காலம் பிழை களைந்து, வீட்டையும் உறக்கத்தையும் இழந்திருக்கக்கூடிய நிரலாளர்களின் பெயர்களும் இல்லை. மேலாளர் செய்யும் பிழையின் விலையை அவர் மட்டும் செலுத்துவதில்லை. பெரும்பகுதியைச் செலுத்துவோர் பிறர். ஒப்புக்கொள்வதால் மட்டும் அக்கடன் தீர்ந்துவிடாது. எனினும், ஒப்புக்கொண்டு எழுதிவைத்ததால் அடுத்த தலைமுறை அதே கடனில் வீழாமலிருக்க ஒரு வழி பிறந்தது. அவர்கள் பாடுபட்டுச் சீர்செய்த இயங்குதளமும் அழிந்துவிடவில்லை. அதன் வழிவந்த இசட்/ஓஎஸ் இன்றும் பெருங்கணினிகளில் இயங்குகிறது.

தம் நூலைப் புரூக்ஸ் இருவருக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் கேள்வி கேட்ட வாட்சன். மற்றவர் தம்மோடு ஆறு மாதம் மோதி வென்று, பின்னர் தம்மையே அழைத்துப் பொறுப்பளித்த எவன்ஸ். ஒரு மேலாளர் மறக்கவியலாதபடி வாழ்நாள் முழுதும் நினைத்திருந்த மேலாளர்கள் இவர்களே. ஒருவர் எதிர்த்தவரை நம்பினார். மற்றவர் தோல்வியின் முன் நின்று 'ஏன்' என்று கேட்டார்.

சென்ற வாரம் நம் மாணவருக்கு ஒரு மடல் எழுதினோம். நிரல் எழுதும் கலையைப் பற்றி அவருக்குச் சொல்ல நமக்கு ஒன்றும் தெரியாது. 36 என்ற எண்ணையும் 105 என்ற எண்ணையும் எழுதி, அவை எவ்வாறு வந்தன என்பதை விளக்கினோம். தப்புப் பிள்ளைகளிடம் இல்லை என்பதை அவர் அறிந்துகொள்ள அது போதும் என்று நினைத்தோம். இறுதியில் ஒரு வரி சேர்த்தோம்: இக்கணக்கை உங்கள் மேலிடத்துக்கு எடுத்துச் சொல்ல உங்களுக்குத் துணிவு வரட்டும், நாளை உங்கள் குழுவில் ஒருவர் உங்களிடம் இப்படி வந்து சொல்லும்போது, முதல் பத்தி முடியுமுன் தொலைபேசியை எடுத்துவிடாதீர்கள்.